சத்தம் பதியாத சண்டை

ஈவோ என்ற பெயரைக் காதால் கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். உதடுகள் பக்கவாட்டில் விரியும், மேற்பற்கள் கீழுதட்டை லேசாகத் தொடும், பிறகு வாய் குவியும். கப்பலின் பின்மேடையில், கேமராவுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த நெரீனா, கீழ்த்தளத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த தன் கணவனின் வாய் அப்படி விரிந்து, தொட்டு, குவிவதைப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

கல்லியானோ தன் தம்பியின் பெயரைச் சொல்லி இரண்டு வருடமாகிறது. வீட்டில் சொன்னதில்லை. கல்லறைக்குப் போய்ப் பூ வைத்த நாட்களில்கூடச் சொன்னதில்லை. இப்போது இடுப்பில் சிவப்புத் துணியும் தலையில் மஞ்சள் விக்குமாக, வாளோடு வாளைக் குறுக்கே பூட்டி நின்றுகொண்டு, எதிராளியாக நடிக்கும் ஸாவெரியோவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துச் சொல்கிறான்.

அடுத்து அவன் வாயிலிருந்து வந்தது 'கயிறு'. அதற்கடுத்தது 'நீ'.

ஸாவெரியோவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"சபாஷ்!" என்று மெகாபோனில் கத்தினார் டைரக்டர் பெர்கமாஸ்கி. "இதான்ப்பா வேணும் எனக்கு! ஏன்டா ஸாவெரியோ, இத்தனை நாளா இந்த மூஞ்சிய எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த? மத்தியானம் டேக்ல இதே பயம் வேணும். ஒரு சொட்டு கொறையக் கூடாது!"

சுற்றி நின்ற, கொள்ளைக்கார வேஷம் போட்டவர்கள் சிரித்தார்கள். நெரீனா மட்டும் தன் கணுக்கால்கள் குளிர்ந்துபோவதை உணர்ந்தாள். ஜூன் மாத வெயில். போன்ஸா தீவின் பாறைகள் அடுப்புமாதிரி அனல் வீசிக்கொண்டிருந்தன. அவளுக்குக் குளிர்ந்தது.

அவர்கள் எடுக்கும் படங்களில் படப்பிடிப்பின்போது குரல் பதிவதில்லை. எல்லாம் முடிந்து ரோமுக்குத் திரும்பிய பிறகு, ஒரு இருட்டறையில் வேறு யாரோ வந்து நின்று, திரையில் அசையும் வாய்களுக்குப் பேசிக் கொடுப்பார்கள். அதனால் கேமராவுக்கு முன்னால் யார் எதைச் சொன்னாலும் ஒன்றுதான். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கதாநாயகன் க்ளெய்ட்டன் காதல் வசனத்துக்கு எண்களை எண்ணுவான். ஸாக்ரெப்பிலிருந்து வந்த கதாநாயகி வெஸ்னா கண்களில் காதல் ததும்பத் தன் மொழியில் அவனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவாள். ஸாவெரியோ எந்தப் படத்தில் செத்தாலும் கடைசி மூச்சில் ரொட்டி, வெண்ணெய், நெத்திலி என்று கடைச்சாமான் சொல்லிக்கொண்டே சாவான். டைரக்டர் ஷாட் ஓடும்போதே கத்துவார், விளக்குக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள், ஜெனரேட்டர் உறுமும். கேட்பதற்கென்று ஒரு காதும் இல்லாத இடம் அது.

யார் எந்த வரிக்கு எப்படி வாயசைத்தார்கள் என்று பார்த்துக் குறித்துவைப்பது நெரீனாவின் வேலை. டப்பிங்குக்கு அது வேண்டும். எந்தக் கையில் வாள் இருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்பதும் அவள் பொறுப்பு. ஆனாலும் அவள் கண் எப்போதும் போய் நிற்பது வாய்களில்தான். மீன் கடையில், ட்ராமில், தேவாலயத்தில், தன்னுடைய காதுக்கு எட்டாததையெல்லாம் அவள் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதனால் சந்தோஷப்பட்டதைவிடச் சங்கடப்பட்டதே அதிகம்.

ஈவோ செத்தது இதே மாதிரி ஒரு படத்தில், வேறொரு வளைகுடாவில். பாய்மரத்து உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு எதிரிக் கப்பலுக்குத் தாவ வேண்டும். கயிற்றின் மறுமுனையைக் கீழே ஒருவன் பிடித்துக்கொண்டு, எடைக்கு எடை கொடுத்து மெல்ல விட வேண்டும். ஈவோ தாவினான். கயிறு மொத்தமாக விட்டது. கீழே இருந்தது தண்ணீர் அல்ல, மரத்தளம். கயிறு நைந்திருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பிடித்திருந்தது யார் என்று கல்லியானோ கேட்டபோது ஆளாளுக்குக் கடலைப் பார்த்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்து ஒயின் கடையில், குடிபோதையில் செட் தச்சன் கல்லியானோவிடம் ஏதோ சொல்லிவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதான் என்று மட்டும் நெரீனா கேள்விப்பட்டாள். அன்று அறைக்குத் திரும்பிய கல்லியானோ ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய துணிகளை மடித்து வைத்தான். மறுநாள் அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தான். யார்மேலும் எரிந்து விழவில்லை. சண்டைப் பயிற்சியில் ஒருவன் தப்பாக அடி எடுத்து வைத்தால் அவன் அப்பாவையும் தாத்தாவையும் இழுத்துத் திட்டுகிற மனிதன், தோளைத் தட்டி, "பரவாயில்லப்பா, மறுபடி செய்வோம்" என்றான். கோபக்காரனோடு வாழப் பழகியிருந்த நெரீனாவுக்கு இந்தச் சாது யார் என்று புரியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும்போது, பூட்டிய வீட்டின் வாசலில் படுத்திருப்பதுபோல இருந்தது. உள்ளே யாரோ நடமாடுகிற சத்தம் வேறு.

இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது, கயிற்றைப் பிடித்திருந்தவன் ஸாவெரியோ. படத்தின் கதையில் கொள்ளைக்காரன் தன் அண்ணனைத் தூக்கில் போட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கொல்கிறான். க்ளெய்ட்டனுக்கு வாள் பிடிக்க வராது. ஆகவே கொள்ளைக்காரனுக்கு டூப்பு, சண்டை மாஸ்டர் கல்லியானோ. கவர்னரின் காவல் தலைவனாக வந்து இன்று சாகப்போகிறவன் ஸாவெரியோ.

மதியச் சாப்பாட்டுக் கூடைகள் படகில் வந்தன. ஆறிப்போன பாஸ்தா, ஒரு கோழித்துண்டு, சின்னக் குப்பியில் ஒயின், ஒரு ஆரஞ்சு. கல்லியானோ பக்கவாட்டு நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். நெரீனா போய் எதிரே உட்கார்ந்தாள்.

"காலைல ஒத்திகைல என்ன சொல்லிட்டிருந்த?"

"நம்பர்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு."

"கல்லியானோ, நான் வாயப் பார்த்துச் சம்பாதிக்கறவ."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த மாதிரி.

"அப்போ உனக்கே தெரிஞ்சிருக்கும். என்னை எதுக்குக் கேக்கற?"

"சாயங்காலம் படகு இருக்கு. ரோமுக்குப் போயிடலாம். எனக்கு உடம்பு முடியலன்னு சொல்லிக்கலாம்."

"கப்பல கொளுத்தப் போறாங்க நெரீனா. ஒரே ஒரு தடவதான் எரியும். மாஸ்டர் இல்லாம எப்படி?"

"அப்போ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன ஒண்ணும் பண்ணமாட்டேன்னு சொல்லு. சும்மா வாயால சொல்லு, போதும்."

அவன் ஆரஞ்சை உரித்தான். வெள்ளை நாரைக்கூடப் பொறுமையாகப் பிய்த்தெடுத்தான். ஒரு சுளையை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான்.

"சாப்பிடு. வெயில் ஜாஸ்தி, மயக்கம் வந்துரும்."

தன் கூடையை அவன் திறக்கவே இல்லை. நெரீனா எழுந்துகொண்டாள்.

ஸாவெரியோ கப்பலின் முனையில் மேக்கப் பெண்ணிடம் ரத்தம் வைத்துக்கொண்டிருந்தான். சட்டைக்கு அடியில் கட்டும் சின்ன ரப்பர் பை. அந்தப் பெண் போகும்வரை நெரீனா காத்திருந்தாள்.

"வயித்து வலின்னு சொல்லிட்டுக் கரைக்குப் போயிடு."

"என்னக்கா இது? என் சாவ வேற எவனுக்காவது குடுக்கப் பாக்கறீங்களா? எத்தனை படத்துல முதுகக் காட்டிட்டே செத்திருக்கேன் தெரியுமா? இன்னிக்குத்தான் மூஞ்சிக்கு நேரா கேமரா. எங்கம்மா தியேட்டர்ல பாத்து அழ வேணாமா?"

"விளையாடாத. அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

சிரிப்பு அவன் வாயில் அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது.

"தெரியும். காலைல சொன்னாரே. மரியாதையான மனுஷன், முன்கூட்டியே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் இங்க நிக்கற?"

"எங்க போறது? ரோம்ல நமக்கெல்லாம் இருக்கறது நாலே தெரு. ரெண்டு வருஷமா எந்தத் தெருவுல திரும்பினாலும் மாஸ்டர் எதுக்க வர்ற மாதிரியே இருக்கும். வந்தா, 'எப்படிரா இருக்க தம்பி'ம்பாரு. அதக் கேக்கறதுக்கு..." அவன் நிறுத்தினான். ரப்பர் பையைச் சட்டைக்குள் சரிசெய்துகொண்டான். "இங்கன்னா பகல்க்கா. எல்லாரும் இருக்காங்க. இத்தனை பேர் முன்னாடி என்ன பண்ணிடுவாரு?"

எல்லோரும் இருக்கிறார்கள். அதுதான் நெரீனாவைப் பயமுறுத்தியது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் குத்தப்பட்டுக் கடலில் விழுவான். இத்தனை பேரும் கை தட்டுவார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் போர்த்தினாரி மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். நெரீனா அவரை மறித்தாள்.

"வாளெல்லாம் ஒரு தடவ பாத்துடச் சொல்லுங்க சார்."

"வாளப் பாக்கற ஆளு யாரும்மா?"

அவள் பார்வை கல்லியானோவின் பக்கம் போயிற்று.

"உங்க வீட்டுக்காரர்தானே? அத என்கிட்ட வந்து சொல்றீங்க. ஏன், ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"இந்தச் சண்டைய நாளைக்கு வெச்சுக்கலாமே."

"பாய்ல எண்ணெய் ஊத்தியாச்சு. காத்து இன்னிக்குத்தான் அடங்கியிருக்கு. இந்த ஓட்டக் கப்பல் நாளைக்கு வரைக்கும் மிதக்கும்னு எனக்கே நம்பிக்கை இல்ல. போங்கம்மா, போய் உக்காருங்க. காலைல அந்த வெஸ்னா ராசியில்லாத ஊதாக் கலர் துணி கட்டிட்டு வந்தப்பவே நெனச்சேன், இன்னிக்கு எல்லாருக்கும் கிறுக்குப் பிடிக்கும்னு." கெட்டது வராமலிருக்கப் பக்கத்திலிருந்த இரும்பு வளையத்தை அவசரமாகத் தொட்டுக்கொண்டு போய்விட்டார்.

என் கணவன் ஒருவனைக் கொல்லப்போகிறான். ஒரு வாக்கியம். அதை அவளால் சொல்லியிருக்க முடியும். தொண்டைவரை வந்த அதை அவள் ஏன் விழுங்கினாள்? தப்பாகப் பார்த்திருந்தால் என்ற பயம் ஒன்று. ஒரு வாயசைவை நம்பி, கூடப் படுக்கிறவனைக் கொலைகாரன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவன் கைப்பட உரித்த பழத்தை எப்படித் தின்பது? ஆனால் அடியில் இன்னொன்று கிடந்தது. அதைத் தொடவே அவளுக்குக் கூசியது. தான் சொல்லாமலிருந்தால் அது இன்னும் நடக்காத ஒன்றாகவே இருக்கும் என்று ஒரு குழந்தைத்தனமான நம்பிக்கை. கண்ணை மூடிக்கொண்டால் தன்னை யாரும் பார்க்க முடியாது என்று நினைக்கிற குழந்தையின் நம்பிக்கை. அவள் போய்த் தன் மீன்பெட்டியில் உட்கார்ந்தாள்.

முன்பாய்க்குத் தீ வைத்தார்கள். பொசுக்கென்று பிடித்து மேலே ஏறியது. கேமரா ஓட ஆரம்பித்தது.

முதல் மோதலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

படத்துக்கான வாள்கள் எடை குறைந்த அலுமினியம். மோதினால் சமையலறையில் தட்டு விழுந்த மாதிரி மொட்டையாகச் சத்தம் வரும். காலை ஒத்திகையில் அந்தச் சத்தம்தான். இப்போது கேட்டது வேறு. மணியடித்து ஓய்ந்த பிறகும் காற்றில் நிற்குமே, அப்படி ஒரு அதிர்வு. உருக்கு. கல்லியானோவின் பெட்டியில், துணிகளுக்கு அடியில், வாள்பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து அவன் வைத்திருக்கும் சொந்த வாள். எந்தப் படத்துக்கும் அதை வெளியே எடுத்ததில்லை.

நெரீனா இடமும் வலமும் பார்த்தாள். கேமராக்காரன் துல்லியோ கண்ணை இடுக்கிக் கண்ணாடிக்குள் புதைந்திருந்தான். பெர்கமாஸ்கி மெகாபோனை ஆட்டிக்கொண்டிருந்தார். தீயணைக்கும் ஆட்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு பாயைப் பார்த்தார்கள். ஒருவர் தலைகூட அந்தச் சத்தத்துக்குத் திரும்பவில்லை. அது எப்படியும் ரோமில் சேர்க்கப்போகிற சத்தம்.

கல்லியானோவின் முதுகுதான் கேமராவுக்கு. அவன் பேசுகிறானா என்று தெரியவில்லை. ஆனால் ஸாவெரியோவின் முகம் முழுதாகத் தெரிந்தது. அந்த வாய் ரொட்டி சொல்லவில்லை, வெண்ணெய் சொல்லவில்லை.

'ஆமாம்' என்றது.

வாள்கள் மேலே மோதின, கீழே மோதின. ஸாவெரியோ இரண்டடி பின்வாங்கினான்.

'நான்தான்' என்றது அந்த வாய். பிறகு ஒரு நீளமான அசைவு. அவள் பிடிப்பதற்குள் புகை குறுக்கே வந்தது. புகை விலகியபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அழறான்டா! அய்யோ, அழறான்டா!" என்று பரவசமாகக் கத்தினார் பெர்கமாஸ்கி. "விடாத துல்லியோ! மூஞ்சிய விடாத!"

"நிறுத்துங்க!" என்று நெரீனா கத்தினாள்.

தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "நிறுத்துங்க! அது நிஜ வாள்! கல்லியானோ!"

பெர்கமாஸ்கி திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். "அப்படித்தான் நெரீனா! நல்லா கத்து! வெஸ்னா, கேக்குதா? பொம்பள பயந்தா இப்படிக் கத்தணும், கத்துக்கோ!"

அவள் மறுபடி கத்தினாள். கயிற்றேணியில் தொங்கிக்கொண்டிருந்த கொள்ளைக்காரர்கள் உற்சாகமாகிப் பதிலுக்குக் கத்தினார்கள். ஜெனரேட்டர் உறுமியது. தீ படபடத்தது. அவளுடைய குரல் அவ்வளவிலும் ஒன்றாகக் கலந்து, இல்லாமல் போயிற்று. கனவில் கத்தும்போது இப்படி ஆகும். தொண்டை கிழியும், யாருக்கும் கேட்காது. ஆனால் கனவில் விழிப்பு வரும்.

ஒத்திகையில் முடிவு இப்படி: கல்லியானோ வலது பாதத்தை வெளிப்பக்கமாக வைத்துப் பாய்வான், ஸாவெரியோ இடது கையைச் சற்றுத் தூக்குவான், வாள் கைக்கும் விலாவுக்கும் நடுவே போகும், ரப்பர் பை உடையும், அவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடலில் விழுவான். நெரீனா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

இப்போது அவள் கணவனின் வலது பாதம் உட்பக்கமாகத் திரும்பியது. ஸாவெரியோ கையைத் தூக்கவில்லை. வாளைத் தாழ்த்திவிட்டு நெஞ்சைத் திறந்து நின்றான். அவன் வாய் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது.

'செய்ங்க.'

இத்தனை வருடத்தில் நெரீனாவின் ஒரு தலைமுடிகூட ஷாட்டுக்குள் விழுந்ததில்லை. கேமரா ஓடும்போது அதன் முன்னால் போவது அவள் வேலையில் செய்யக்கூடாததிலெல்லாம் பெரியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பாள். ஒரு கூட்டமே உழைத்ததை ஒரு தோள்பட்டை பாழாக்கிவிடும். அந்த நொடியில்கூட அந்தப் பழக்கம் அவள் காலைப் பிடித்து இழுத்தது. கொலை நடக்கப்போகிறது, இவளோ கேமராவை மறைக்கக் கூசுகிறாள்! அந்தக் கூச்சத்தின்மேல் வந்த வெறுப்புதான் அவளைத் தள்ளிவிட்டது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

மரப்படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். பக்கவாட்டில் ஓடி, ஸாவெரியோவின் மேல் முதுகால் மோதி, கணவனுக்கு முகம் காட்டி நின்றாள்.

வாள்முனை அவளுடைய மேல்சட்டையில், நெஞ்செலும்பின் நடுவே வந்து நின்றது.

மஞ்சள் விக்குக்குக் கீழே இருந்த முகத்தை அவளுக்குத் தெரியாது. அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. பார்த்த பிறகும் வாள் தாழவில்லை. ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம். அந்த நேரத்தில் நெரீனாவுக்குள் எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. முதுகுக்குப் பின்னால் ஸாவெரியோவின் இதயம் அடிப்பதும், துணியைத் தாண்டி உருக்கின் குளிர்ச்சி ஒரு புள்ளியாகத் தோலைத் தொடுவதும் மட்டும் தெரிந்தது. என்னைத் தெரிகிறதா என்று கேட்க நினைத்தாள்.

பிறகு வாள் இறங்கியது.

"கட்! கட்! யார்ரா அது? யார் அந்தப் பொம்பள?" மெகாபோன் தளத்தில் வந்து விழுந்து உருண்டது. பெர்கமாஸ்கி படிகளில் ஓடிவந்தார். "நெரீனா? நீயா? உனக்குப் பைத்தியமா? கப்பல் எரியுது! என் கப்பல் எரியுது! இன்னொரு கப்பல் எங்கடி இருக்கு?"

"கால் தடுக்கிடுச்சு" என்றாள் நெரீனா.

"அங்கிருந்து இங்க வரைக்குமா தடுக்கிச்சு?"

யாரும் வாளைப் பார்க்கவில்லை. கல்லியானோ அதைச் சிவப்புத் துணியில் சுற்றிவிட்டான். முன்பாய் எரிந்து, கரித்துண்டுகளாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. குழாய்க்காரர்கள் தண்ணீரைத் திறந்தார்கள். போர்த்தினாரி தலையில் கைவைத்துக் கொண்டு மூன்று பேரையும் பார்த்தார்.

"பொறாமையா, சந்தேகமா, என்ன எழவோ எனக்குத் தெரிய வேணாம். புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் எறங்குங்க. நீயும் போடா ஸாவெரியோ. உன் சாவும் போச்சு, இனிமே உனக்கு இங்க என்ன வேல?"

மூவரையும் ஒரே படகில் ஏற்றினார்கள். துடுப்புப் போட்டவர் தீவுக்காரக் கிழவர் சில்வேரியோ. நெரீனா நடுப்பலகையில். ஒருபக்கம் ஸாவெரியோ, எதிரே கணவன். சுற்றிய வாள் அவன் மடியில் குறுக்கே கிடந்தது. நீரில் ஸாவெரியோவை அமுக்கவும் அவனால் முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு வாள்கூட வேண்டாம். அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பலையே கொளுத்திட்டு ஒரு படமும் எடுக்கலையாமே" என்றார் கிழவர். "எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு வெப்போம்." யாரும் சிரிக்கவில்லை. அவர் துடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஸாவெரியோதான் பேசினான். யாரும் கேட்காமலே.

"கயிறு நனைஞ்சிருந்துச்சு மாஸ்டர். அவன் எடை எறங்கினதும் என்னையும் சேர்த்து இழுத்துச்சு. கை கப்பியில மாட்டப் போச்சு. இன்னும் கொஞ்சம் புடிச்சிருந்தா விரலெல்லாம் போயிருக்கும். பயந்துட்டேன். விட்டுட்டேன். நைஞ்சு போன கயிறுன்னு மத்தவங்கதான் சொன்னாங்க. நானும் ஆமான்னேன்."

துடுப்பு தண்ணீரில் விழுந்து எழும் சத்தம்.

"அவன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டான் கல்லியானோ. குரல் கரகரத்திருந்தது.

"கத்தினான்."

"என்னன்னு?"

"என் பேரச் சொல்லி. கயிறு போகுதுடா, புடிடான்னு. ரெண்டு தடவ." ஸாவெரியோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். மேக்கப் கலைந்து கோடுகோடாக வந்தது. "நல்லா நடிக்கறான்னு எல்லாரும் நெனச்சாங்க. கை தட்டினாங்க மாஸ்டர்."

கல்லியானோ விக்கைக் கழற்றினான். வியர்வையில் ஒட்டிய நரைமுடி தெரிந்தது. முன்னால் குனிந்து, சுற்றிய வாளின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. ஸாவெரியோ அவன் பக்கம் கையை நீட்டி, தொடாமலேயே திரும்ப எடுத்துக்கொண்டான்.

விரல்கள் போய்விடும் என்று பயந்தவன் கயிற்றை விட்டான். நானாக இருந்தால் பிடித்திருப்பேனா என்று நெரீனா தன்னைக் கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை. அதைவிட அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு ஒன்று. கேட்கவும் பயம், கேட்காமல் கரையேறவும் பயம்.

"நான் வரலன்னா செஞ்சிருப்பியா?"

கல்லியானோ நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றான்.

"என்னைப் பாத்தப்புறமும் வாள எறக்கலையே."

"நீன்னு தெரிஞ்சுது." அவன் மடியிலிருந்த வாளைப் பார்த்தான். "தெரிஞ்சுது நெரீனா. கைக்குத்தான் சேதி போய்ச் சேரல. அதுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்கே தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

படகு படித்துறையில் மோதி நின்றது. ஸாவெரியோ முதலில் தாவி இறங்கினான். திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தான், பிறகு ஓடினான். காவல் தலைவனின் கறுப்பு அங்கி அவன் பின்னால் பறந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கல்லியானோ வாளைப் படகின் அடித்தளத்தில் வைத்துவிட்டுக் கரையேறினான். திரும்பி, அவள் இறங்குவதற்காகக் கையை நீட்டினான். ஒவ்வொரு நாள் மாலையும் நீட்டுகிற அதே கைதான். படகு ஆடிக்கொண்டிருந்தது. பிடிக்காமல் இறங்க முடியாது.

நெரீனா அந்தக் கையைப் பிடித்தாள். ஆனால் உடனே பிடிக்கவில்லை. ஒரு மூச்சு எடுத்து விடுகிற நேரம் கழித்துத்தான் பிடித்தாள். அதை அவன் பார்த்துவிட்டான்.